பழுதைத் தானே கண்டுபிடித்துச் சமாளிக்கும் ரோபோவை வடிவமைப்பது எப்படி?

சக்கரச் சுழற்சியை எண்ணும் சென்சாரான என்கோடரின் வயர் அறுந்தால் ரோபோ நிற்காது, வேகமெடுக்கும். சக்கரம் சுற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு பிஐடி கட்டுப்பாடு (கேட்ட வேகத்துக்கும் வந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தும் நிரல்) மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். சற்று நேரத்தில் அந்த மோட்டார் முழு வேகத்தைத் தொட்டுவிடும். நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் போகச் சொன்ன வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் 0.75 மீட்டருக்குப் போனால், சக்கர இடைவெளி 40 செ.மீ. இருக்கும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 80 டிகிரி சுழலத் தொடங்கும். ஒரு சின்ன கனெக்டர் கழன்றதற்காக 40 கிலோ வண்டி யார் காலிலாவது ஏறக்கூடாது.

எந்தச் சென்சாரும் தான் கெட்டுப்போனதைத் தானாகச் சொல்லாது. அறுந்த என்கோடர் சொல்வது "பூஜ்யம்" என்ற எண்ணை. நின்றுபோன சக்கரம் சொல்வதும் அதே எண்ணைத்தான். ஆகவே ஒரு அளவை மட்டும் வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது. வெவ்வேறு வழியில் அளந்த இரண்டு மூன்று அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று ரோபோ இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் வண்டி இது: கட்டடத்துக்குள் பொருள் எடுத்துச் செல்லும் இரண்டு சக்கர ரோபோ, முன்னால் ஒரு காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சக்கரம்). 24 வோல்ட் பிரஷ் மோட்டார் இரண்டு, 30:1 பிளானட்டரி கியர்பாக்ஸ், 150 மி.மீ. சக்கரம், மோட்டார் அச்சிலேயே 500 கோடு என்கோடர். எட்டு செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஒரு எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர், வழி தேட ராஸ்பெரி பை என்ற சிறு கணினியும் லைடாரும் (லேசரால் சுற்றுப்புறத் தூரத்தை அளக்கும் சென்சார்), ஒரு ஐஎம்யூ (திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த சிப்). இயக்க வேகம் நொடிக்கு 0.6 மீட்டர். உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்கள் மாறும், முறை மாறாது.

முதலில் நேரக் கணக்கு

பழுதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். சென்சார் தேர்வு, மாதிரி எடுக்கும் வேகம், வரம்புகள் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கண்டுபிடிக்க 200 மில்லிநொடி, மோட்டார் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) விடுபட 30 மில்லிநொடி, அதன்பின் 0.8 மீ/நொடி² அளவில் பிரேக் பிடிக்கிறது என்று வையுங்கள். 0.6 மீட்டர் வேகத்தில் வண்டி 36 செ.மீ. போய் நிற்கும். பலர் இந்தக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். பழுதான வண்டி 0.6-ல் ஓடிக்கொண்டிருக்காது. முழு மின்னழுத்தம் போய்ச் சேர்ந்தால் 24 வோல்ட்டில் 0.75 மீட்டர், நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரியின் 27 வோல்ட்டில் ஏறத்தாழ 0.85 மீட்டர். இந்த வேகங்களில் நிற்கும் தூரம் 52 செ.மீ., 65 செ.மீ. என்று ஆகிறது. லைடார் பாதுகாப்பு வளையத்தை இந்தப் பெரிய எண்ணுக்குத்தான் அமைக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் நேரம் 500 மில்லிநொடியாக நீண்டால், 0.85 மீட்டர் வேகத்தில் மேலும் 25 செ.மீ. கூடும். ஆகவே மோட்டார் சம்பந்தப்பட்ட எல்லாச் சோதனைகளும் எஸ்டிஎம்32-க்குள் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓட வேண்டும். ராஸ்பெரி பையில் லினக்ஸ் ஓடுகிறது. அது எப்போது தாமதிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

நிறுத்தும் பாதை நிரலுக்கு வெளியே

மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட்டின் மாஸ்ஃபெட் (மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்) எரியும்போது பெரும்பாலும் திறந்துபோகாது, ஷார்ட் ஆகும். அப்போது பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து அளவைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) பூஜ்யமாக இருந்தாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். எந்த நிரலாலும் அதை நிறுத்த முடியாது. மின்சாரத்தைத் துண்டிக்க வேறொரு பாதை இருந்தாக வேண்டும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் டிரைவருக்கும் நடுவில் இரண்டு வயரையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் ரிலே ஒன்று வையுங்கள். காயிலுக்கு மின்சாரம் இருந்தால் மோட்டார் டிரைவரோடு இணையும். இல்லாவிட்டால் டிரைவரை விட்டு விலகி, 1 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் வழியாக மோட்டாரின் இரண்டு முனைகளும் இணையும். இந்த ரெசிஸ்டர் இல்லாமல் வெறுமனே துண்டித்தால், கியர்பாக்ஸ் சுலபமாகப் பின்னோக்கிச் சுழலும் வண்டி உருண்டுகொண்டே போகும்; மேலே போட்ட 0.8 மீ/நொடி² கணக்கு பொய்த்துவிடும். வண்டி சரிவுப் பாதையில் நிற்க வேண்டியிருந்தால் ரெசிஸ்டர் பிரேக் போதாது. அது சுழற்சியை மெதுவாக்கும், பிடித்து வைக்காது. மின்சாரம் போனால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும் வகை பிரேக் தேவை.

ரிலே வாங்கும்போது டிசி அளவைப் பாருங்கள். "10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி" என்று அச்சிட்டிருக்கும் ரிலே மோட்டார் போன்ற இண்டக்டிவ் லோடை டிசியில் துண்டிக்கும்போது அந்த அளவுக்குத் தாங்காது. தொடுமுனை ஒட்டிப்போகும். ஒட்டிப்போனதைக் கண்டுபிடிக்க, தொடுமுனைகள் ஒன்றோடொன்று இயந்திர ரீதியாகப் பிணைந்த வகை ரிலேயை வாங்கி, அதன் உபரித் தொடுமுனையை எஸ்டிஎம்32-ல் படியுங்கள். ஒவ்வொரு முறை வண்டியை ஆன் செய்யும்போதும் ரிலேயை ஒருமுறை இழுத்து, விட்டு, இரண்டு நிலையும் சரியாக வந்ததா என்று பார்த்த பிறகே கிளம்ப விடுங்கள்.

காயிலை எஸ்டிஎம்32-ன் ஒரு பின்னில் நேராக இணைக்காதீர்கள். நிரல் உறைந்தால் பின் உயர் நிலையிலேயே நின்றுவிடலாம். 74எச்சி123 போன்ற மீண்டும் தூண்டக்கூடிய மோனோஸ்டேபிள் சிப் (ஒருமுறை தட்டினால் குறிப்பிட்ட நேரம் மட்டும் ஆன் ஆகி நிற்பது) ஒன்றை நடுவில் வைத்து, 110 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் போட்டால் ஏறத்தாழ 50 மில்லிநொடி கிடைக்கும். 10 மில்லிநொடிக்கு ஒருமுறை நிரல் அந்தப் பின்னைத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் ரிலே பிடித்திருக்கும். தட்டுவது நின்றால், பின் எந்த நிலையில் நின்றிருந்தாலும் ரிலே விடும். மேலே ஒதுக்கிய 200 மில்லிநொடிக்குள் இந்த 50-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசர நிறுத்த பட்டனின் சாதாரணமாக மூடிய தொடுமுனையைக் காயிலோடு தொடராக இணையுங்கள். பம்பர் ஸ்விட்சுகளும் அதே வகைதான்: அழுத்தினால் திறக்க வேண்டும். வயர் அறுந்தாலும் அழுத்தியதாகவே தெரியும், வண்டி நிற்கும்.

டிரைவரின் எனேபிள் பின்னுக்கு 10 கிலோ ஓம் புல்டவுன் (பின்னைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். எஸ்டிஎம்32 ரீசெட் ஆகும் நேரத்தில் அதன் பின்கள் எந்தப் பக்கமும் இழுக்காமல் மிதக்கும். அந்தக் கணத்தில் மோட்டார் துள்ளுவதை இந்த ஒரு ரெசிஸ்டர் தடுக்கும்.

பழுதுப் பட்டியல்

ஒரு விரிதாளைத் திறந்து, வண்டியிலுள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எப்படியெல்லாம் கெடும்? கெட்டால் வண்டி என்ன செய்யும்? எந்த அளவுகளை ஒப்பிட்டால் தெரியும்? தெரிந்ததும் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிசைகள்தான் வடிவமைப்பில் இருக்கும் ஓட்டைகள். அவற்றுக்காகவே கூடுதல் சென்சார் வாங்குங்கள், மற்றதற்கு வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 லேண்டரைப் பழுதுகளை மையமாக வைத்தே வடிவமைத்ததாக இஸ்ரோ சொன்னது. எது எது தவறிப்போகலாம் என்று முதலில் பட்டியலிட்டு, அது நடந்தாலும் இறங்குவதற்கு என்ன வேண்டும் என்று யோசித்தார்கள். சந்திரயான்-2-ல் 500 மீட்டருக்கு 500 மீட்டராக இருந்த இறங்கும் பகுதி 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆனது அப்படித்தான். பழுதுப் பட்டியல் சில நேரம் புதிய பாகத்தைக் கேட்காது, கூடுதல் இடத்தையோ குறைந்த வேகத்தையோ கேட்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பட்டியலில் வயரையும் கனெக்டரையும் தனி வரிசைகளாக எழுதுங்கள். நகரும் வண்டியில் சிப்புகளைவிட இவைதான் அதிகம் கெடும். பிரெட்போர்டு ஜம்பர் வயர் அதிர்வில் கழன்றுவிடும். பூட்டுள்ள கனெக்டர் போடுங்கள். ஸ்குரூ டெர்மினலுக்குள் போகும் வயர் நுனியில் சால்டர் பூசாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கி, சில வாரங்களில் பிடி தளர்ந்துவிடும். ஃபெரூல் (வயர் நுனிக்கான சிறு உலோகக் குழாய்) போட்டு நசுக்குங்கள்.

மோட்டாரை மூன்று பக்கமிருந்து பார்ப்பது

மோட்டார் மின்னோட்டம், என்கோடர், ஜைரோ. இந்த மூன்றும் சேர்ந்தால் இயக்கப் பகுதியின் பெரும்பாலான பழுதுகளைப் பிரித்தறியலாம்.

மின்னோட்டத்தை எங்கே அளக்கிறோம் என்பது முக்கியம். டிரைவருக்கு வரும் பேட்டரி வயரில் அளந்தால் கிடைப்பது மோட்டார் மின்னோட்டம் அல்ல. ஏறத்தாழ மோட்டார் மின்னோட்டத்தை பிடபிள்யூஎம் விகிதத்தால் பெருக்கிய அளவே அங்கே தெரியும். 20 சதவீத விகிதத்தில் சக்கரம் சிக்கிக்கொண்டு மோட்டாரில் 2 ஆம்பியர் ஓடினால், பேட்டரி வயரில் 0.4 ஆம்பியர்தான் இருக்கும். இந்த மோட்டார் பாரமில்லாமல் முழு மின்னழுத்தத்தில் ஓடும்போது இழுப்பதும் அதே 0.4 தான். சிக்கியது தெரியவே தெரியாது. ஐஎன்ஏ240 போல பிடபிள்யூஎம் துள்ளலைத் தாங்கும் சிப்பை எடுத்து, மோட்டார் வயரிலேயே அளங்கள். 20 மடங்கு பெருக்கும் வகையோடு 5 மில்லி ஓம், 2 வாட் ஷண்ட் (மின்னோட்டம் அளக்கும் சிறு ரெசிஸ்டர்) போட்டால் ஆம்பியருக்கு 0.1 வோல்ட் கிடைக்கும். நடுப்புள்ளியை 1.65 வோல்ட்டில் வைத்தால் இரு திசையிலும் 16 ஆம்பியர் வரை படிக்கலாம்.

அடுத்தது மோட்டாரின் கணித மாதிரி. கொடுக்கும் மின்னழுத்தம் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு சுருளின் மின்தடையில் செலவாகும், மறு பங்கு சுழற்சியால் உண்டாகும் பேக்-இஎம்எஃப்பை எதிர்கொள்ளும். இரண்டு அளவீடு போதும்.

1. அச்சை இறுகப் பிடித்து, 2 வோல்ட் மட்டும் கொடுத்து மின்னோட்டத்தைப் படியுங்கள். சில நொடிகளில் முடியுங்கள், இல்லாவிட்டால் சுருள் சூடாகி அளவு மாறும். அச்சைச் சற்றுத் திருப்பி நான்கைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள், பிரஷ் தொடும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். இந்த வண்டியில் 2.4 ஓம் என்று வைப்போம்.

2. கியர்பாக்ஸைக் கழற்றி மோட்டாரை 24 வோல்ட்டில் பாரமில்லாமல் ஓட்டுங்கள். 0.4 ஆம்பியரில் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 314 ரேடியன். மின்தடையில் போனது 0.96 வோல்ட், மீதம் 23.04. அதை 314-ஆல் வகுத்தால் 0.0733.

இனி ஒவ்வொரு 10 மில்லிநொடியிலும் கணக்கு இது: பேட்டரி மின்னழுத்தத்தை பிடபிள்யூஎம் விகிதத்தால் பெருக்கி, அதிலிருந்து மின்னோட்டம் × 2.4, வேகம் × 0.0733 இரண்டையும் கழியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் வித்தியாசம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். பிடபிள்யூஎம்மின் ஆஃப் நேரத்தில் மோட்டார் முனைகளைச் சேர்த்துவைக்கும் முறையில் டிரைவர் ஓட வேண்டும். முனைகளைத் திறந்துவிடும் முறையில் இந்தக் கணக்கு குறைந்த வேகத்தில் பொருந்தாது.

வரம்பை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடும். சுருள் 60 டிகிரி சூடேறினால் 2.4 ஓம் கிட்டத்தட்ட 2.97 ஆகும். 4 ஆம்பியரில் இதனால் மட்டும் 2.3 வோல்ட் வித்தியாசம் வரும். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், எச்சரிக்கை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். "1 வோல்ட், அதோடு ஆம்பியருக்கு 0.6 வோல்ட்" என்று மின்னோட்டத்தோடு வளரும் வரம்பு வைத்தால் 4 ஆம்பியரில் 3.4 வோல்ட் வரை விட்டுக்கொடுக்கும், பாரமில்லாதபோது இறுக்கமாக இருக்கும்.

வித்தியாசம் வரம்பைத் தாண்டினாலோ, சொன்ன வேகம் வராவிட்டாலோ, மூன்று அளவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

- என்கோடர் பூஜ்யம், மின்னோட்டம் மிக அதிகம், ஜைரோ எதிர்பார்த்த திருப்பத்தைக் காட்டவில்லை: சக்கரம் சிக்கியிருக்கிறது, அல்லது வண்டி எதிலோ முட்டி நிற்கிறது. மாதிரியின் வித்தியாசம் இங்கே சிறிதாகவே இருக்கும், ஏனென்றால் மோட்டார் நல்லபடியாக இருக்கிறது.
- என்கோடர் பூஜ்யம், மின்னோட்டமும் பூஜ்யம்: மோட்டார் வயர், பிரஷ், ஃபியூஸ், ரிலே தொடுமுனை, டிரைவர் இவற்றில் ஒன்று திறந்துவிட்டது.
- என்கோடர் பூஜ்யம், மின்னோட்டம் சாதாரணம், வண்டி திரும்புகிறது என்று ஜைரோ சொல்கிறது: மோட்டார் ஓடுகிறது, என்கோடர்தான் கெட்டது.
- என்கோடர் நன்றாக எண்ணுகிறது, மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவு, ஜைரோ ஒத்துப்போகவில்லை: சக்கரம் வழுக்குகிறது, அல்லது சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் கிரப் ஸ்குரூ தளர்ந்து அச்சு மட்டும் சுற்றுகிறது. என்கோடர் மோட்டார் பின்னால் இருப்பதால் அதற்கு இது தெரியாது.
- பிடபிள்யூஎம் பூஜ்யம், ஆனால் 50 மில்லிநொடிக்கு மேல் மின்னோட்டம் ஓடுகிறது, வேகமும் கூடுகிறது: மாஸ்ஃபெட் ஷார்ட். மறுமுயற்சி கிடையாது, உடனே ரிலேயை விடுங்கள். வேகம் கூடுகிறதா என்று பார்ப்பது அவசியம். பிரேக் பிடிக்கும் மோட்டாரிலும் சற்று நேரம் மின்னோட்டம் இருக்கும்.

என்கோடரின் ஏ, பி இரண்டு தடங்களில் ஒன்று மட்டும் அறுந்தால் எண்ணிக்கை ஒன்று கூடி, ஒன்று குறைந்து அதே இடத்தில் ஊசலாடும். சுத்தமான பூஜ்யமாக இருக்காது. "மாறவே இல்லையா" என்று சோதிக்கும் நிரல் இதைத் தவறவிடும். நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் இந்த வண்டிக்கு 10 மில்லிநொடியில் 250-க்கு மேல் எண்ணிக்கை வர வேண்டும். 20-க்குக் கீழே தொடர்ந்து ஐந்து முறை வந்தால் பழுது என்று வையுங்கள். கிளம்பும் கணத்தில் நிலை உராய்வு இருப்பதால், பிடபிள்யூஎம் 15 சதவீதத்தைத் தாண்டி 100 மில்லிநொடி ஆன பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

ஜைரோவோடு ஒப்பிடும் கணக்கு எளிது. வலது, இடது சக்கர வேக வித்தியாசத்தை 0.40-ஆல் வகுத்தால் திரும்பும் வேகம். 0.5, 0.4 மீட்டர் என்றால் 0.25 ரேடியன், அதாவது நொடிக்கு 14 டிகிரி. அரை நொடிச் சராசரியில் 0.1 ரேடியனுக்கு மேல் விலகினால் சந்தேகப்படுங்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஜைரோவின் பூஜ்யப் பிழையை மறுபடி அளந்துகொள்ளுங்கள். நேராகப் போகும்போது இரண்டு சக்கரமும் ஒன்றாக வழுக்கினால் ஜைரோவுக்கும் தெரியாது. அதை லைடார் ஸ்கேன்களை ஒப்பிட்டுத்தான் பிடிக்க முடியும்.

இத்தனை சோதனைக்கும் முன்னால், எந்தச் செலவும் இல்லாத ஒரு தற்காப்பு உண்டு. பிஐடியிடம் முழு மின்னழுத்தத்தையும் ஒப்படைக்காதீர்கள். வேண்டிய வேகத்துக்கான மின்னழுத்தத்தை மாதிரியிலிருந்து நேராகக் கொடுங்கள், பிஐடி அதைத் திருத்தும் அளவை ±5 வோல்ட்டுக்குள் கட்டுங்கள். 0.2 மீட்டருக்கு 5.9 வோல்ட் போதும். என்கோடர் செத்தாலும் மோட்டாருக்கு 10.9 வோல்ட்டுக்கு மேல் போகாது, சக்கரம் ஏறத்தாழ 0.34 மீட்டரோடு நின்றுகொள்ளும், 0.75-க்குப் பாயாது. சரிவில் ஏற வலு குறைந்தால் அளந்த மின்னோட்டத்தை 2.4-ன் 80 சதவீதத்தால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். முழு 2.4-ஐப் போட்டால் கட்டுப்பாடு நிலைகுலையும்.

மற்ற சென்சார்கள்

ஐஎம்யூ உறைந்துபோவதைக் கண்டுபிடிக்க அதன் இரைச்சலே உதவும். நல்ல ஜைரோ நிற்கும்போதும் கடைசி இலக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். 100 ஹெர்ட்ஸில் 50 மாதிரிகள் ஓர் இலக்கம்கூட மாறாமல் வந்தால், வருவது பழைய எண். சென்சாரையும் எஸ்டிஎம்32-ஐயும் இணைக்கும் ஐ2சி பஸ் (டேட்டா, க்ளாக் என்ற இரண்டு வயர்) சிக்கினால் பெரும்பாலும் காரணம் இதுதான்: பாதிப் பரிமாற்றத்தில் எஸ்டிஎம்32 ரீசெட் ஆகிவிட, சென்சார் டேட்டா வயரைக் கீழே பிடித்துக்கொண்டு காத்திருக்கும். க்ளாக் வயரில் ஒன்பது துடிப்பு கொடுத்து, ஸ்டாப் நிலையை அனுப்பினால் விட்டுவிடும். இதை ஒவ்வொரு பூட்டிலும் செய்யுங்கள்.

வெப்பநிலைக்கு 10 கிலோ ஓம் என்டிசியை (சூடேறினால் மின்தடை குறையும் சென்சார்) 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு போட்டால், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசியில் 50-க்குக் கீழும் 4045-க்கு மேலும் உண்மையான வெப்பநிலை வர வாய்ப்பில்லை. வந்தால் அது வயர் பழுது. அதை "மோட்டார் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று நிரல் எடுத்துக்கொள்ளக்கூடாது.

லைடாருக்கு, வண்டியின் மேலேயே 25 செ.மீ. தொலைவில் ஒரு மெல்லிய கம்பியை நட்டுவையுங்கள் (உங்கள் லைடாரின் குறைந்தபட்சத் தூரத்துக்கு வெளியே இருக்க வேண்டும்). ஒவ்வொரு சுற்றிலும் அதே கோணத்தில், அதே தூரத்தில் அது தெரிய வேண்டும். கோணம் நகர்ந்தால் லைடார் மவுண்ட் தளர்ந்துவிட்டது. காணாமல் போனால் கண்ணாடியில் தூசு, அல்லது லேசர் பலவீனம். வண்டியின் சொந்த உடலை வடிகட்டி எறிவதற்கு முன்னால் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

நேர முத்திரையை எல்லாத் தரவிலும் சோதியுங்கள். 2021 மே 22-ல் செவ்வாயில் ஆறாவது முறை பறந்த இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரில் எந்தப் பாகமும் உடையவில்லை. கேமராவின் ஒரே ஒரு படம் தவறியது. அதன்பின் வந்த படங்கள் எல்லாம் தவறான நேர முத்திரையோடு வந்தன, ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்பாதபடி முன்பே வடிவமைத்திருந்ததால் பத்திரமாக இறங்கியது. உங்கள் வண்டியில் லைடார் தரவு 150 மில்லிநொடிக்கு மேல் பழையதாக இருந்தால் தூக்கி எறியுங்கள். அரை நொடி புதியது வராவிட்டால் லைடார் இல்லை என்றே கருதுங்கள்.

ஒன்றுக்கு இரண்டாகச் சென்சார் வைப்பவர்கள் அவற்றின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே 5 வோல்ட் ரெகுலேட்டரில் தொங்கினால், ரெகுலேட்டர் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

கணினி உறைவதும் திரும்பத் திரும்ப பூட் ஆவதும்

எஸ்டிஎம்32-ன் வாட்ச்டாகை (குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) டைமர் இன்டரப்டில் புதுப்பிக்காதீர்கள். முக்கிய நிரல் உறைந்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் படித்தாயிற்று, என்கோடர் படித்தாயிற்று, கட்டுப்பாடு ஓடியாயிற்று என்று ஒவ்வொரு வேலையும் ஒரு கொடி ஏற்ற வேண்டும். எல்லாக் கொடியும் ஏறியிருந்தால் மட்டும் புதுப்பித்து, கொடிகளை இறக்குங்கள்.

ராஸ்பெரி பை வேகக் கட்டளையை நொடிக்கு 20 முறை அனுப்பட்டும். கூடவே ஏறிக்கொண்டே போகும் வரிசை எண்ணும், தரவு சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியும். 250 மில்லிநொடி புதிய எண் வராவிட்டால் எஸ்டிஎம்32 மெல்ல வேகத்தைக் குறைத்து நிறுத்தட்டும். வரிசை எண் இல்லாமல் போனால், உறைந்த ஒரு நிரல் பழைய கட்டளையையே திரும்பத் திரும்ப அனுப்புவது உயிரோடு இருப்பதுபோலத் தெரியும்.

பை அடிக்கடி ரீசெட் ஆனால் முதலில் 5 வோல்ட்டைப் பாருங்கள். 4.63 வோல்ட்டுக்கு அருகில் இறங்கியதும் அது குறைமின்னழுத்தத்தைப் பதிவு செய்யும். மோட்டார் கிளம்பும் கணத்தில் இந்தப் பதிவு வந்தால், பைக்கும் மோட்டாருக்கும் வயரைப் பேட்டரியிலிருந்தே பிரித்துக் கொண்டுவாருங்கள்.

ரீசெட்டே நோயாகவும் மாறும். 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயில் இறங்கிய மூன்றாம் வாரத்தில், ஃப்ளாஷ் நினைவகத்தின் கோப்பு முறையில் வந்த சிக்கலால் பூட் ஆவதும் விழுவதுமாக 60 முறைக்கு மேல் சுழன்றது. ஃப்ளாஷைத் தொடாமல் பூட் ஆகும்படி கட்டளை அனுப்பித்தான் மீட்டார்கள். உங்கள் வண்டியிலும் ரீசெட் எண்ணிக்கையை மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் வையுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று ரீசெட் ஆனால், எஸ்டி கார்டு எழுதுதல், வரைபடம், வழி தேடல் எதுவும் இல்லாத குறைந்தபட்ச நிலையில் பூட் ஆகி, மோட்டார் ரிலேயை இழுக்காமல், தன் நிலையை மட்டும் அறிவித்துக்கொண்டு நிற்கட்டும்.

பொய் எச்சரிக்கை

நாளுக்கு ஐந்து முறை காரணமின்றி நிற்கும் ரோபோவின் பாதுகாப்பு வசதியை அங்கே வேலை செய்பவர்களே சில நாளில் அணைத்துவிடுவார்கள். ஆகவே பொய் எச்சரிக்கையும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினைதான்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஏறி இறங்கும் எண்ணி ஒன்று வையுங்கள். சோதனை தோற்றால் 2 கூட்டுங்கள், தேறினால் 1 குறையுங்கள், 20-ஐத் தொட்டால் பழுது உறுதி. 10 மில்லிநொடிச் சுழற்சியில் தொடர்ச்சியான பழுது 100 மில்லிநொடியில் உறுதியாகும்; ஒற்றைத் துள்ளல் தானே கரையும்; விட்டுவிட்டு வரும் தளர்ந்த கனெக்டரும் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் பிடிபடும். இந்த மூன்றாவதுதான் இந்த முறையை நான் மற்றவற்றைவிட விரும்பக் காரணம். "தொடர்ந்து பத்து முறை" என்ற விதி தளர்ந்த கனெக்டரை ஒருபோதும் பிடிக்காது.

வரம்புகளை மேசையில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள். நல்ல வண்டியை இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள்: டைல்ஸ் தரை, தரைவிரிப்பு, சரிவு, லிஃப்ட் வாசல் இடைவெளி, காலி வண்டி, முழுப் பாரம். ஒவ்வொரு வித்தியாசத்தின் உச்சத்தையும் எடுத்து, அதைப்போல ஒன்றரை மடங்கில் வரம்பு வையுங்கள். அந்த வரம்பில் பழுதைக் கண்டுபிடிக்கும் நேரம் 200 மில்லிநொடியைத் தாண்டினால், தவறு வரம்பில் இல்லை. சென்சாரையோ மாதிரியையோ மாற்ற வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு

எந்தப் பழுதுக்கு என்ன செய்வது என்பதை முன்பே அட்டவணையாக எழுதி எஸ்டிஎம்32-க்குள் வையுங்கள். நிலைகள் நான்கு போதும்: முழு வேகம், 0.3 மீட்டர், 0.15 மீட்டரில் ஊர்ந்து ஓரமாகப் போவது, அதே இடத்தில் நிற்பது. ஒரு நிலையிலிருந்து கீழே இறங்க ரோபோவுக்கு உரிமை உண்டு. மேலே ஏற, ஆள் வந்து பார்த்து பட்டன் அழுத்த வேண்டும்.

ஒரு என்கோடர் போனால் 0.15-க்கு இறங்குங்கள். மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டிலிருந்து பேக்-இஎம்எஃப்பைக் கணக்கிட்டு அந்தச் சக்கர வேகத்தை ஊகிக்கலாம். திசையை ஜைரோ பார்த்துக்கொள்ளும். ஜைரோ போனால் சக்கரக் கணக்கும் லைடாரும் போதும், 0.3 மீட்டரில் வேலையை முடித்துவிட்டுப் போகலாம். லைடார் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஓரம் போவதும் கூடாது. சக்கரம் சிக்கினால் 20 செ.மீ. பின்வாங்கி மீண்டும் முயலலாம், அதிகபட்சம் மூன்று முறை. மூன்று என்ற எல்லை இல்லாவிட்டால் நூல் சுற்றிய சக்கரத்தோடு மோட்டார் எரியும் வரை போராடும்.

ஒரு மோட்டாரே போனால் இரண்டு சக்கர வண்டியால் நேராகப் போக முடியாது. நிற்பதுதான் வழி. அப்படியும் நகர்ந்தாக வேண்டிய பணி என்றால் நான்கு அல்லது ஆறு சக்கரம் தேவை. அங்கேயும் வார்ம் கியர் போட்டிருந்தால் செத்த சக்கரம் சுழலாது, இழுபட்டுக்கொண்டு வரும். ஸ்பிரிட் ரோவரின் வலது முன் சக்கரம் 2006 மார்ச்சில் நின்றபோது, ஆறில் மற்ற ஐந்தை வைத்து அதைப் பின்னோக்கி ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே ஆய்வைத் தொடர்ந்தார்கள். இரண்டு சக்கர வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதை வடிவமைக்கும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்ஜெனியூட்டியின் சாய்வுமானி 2022-ல், 29-ஆவது பறத்தலுக்கு முன்னால், செயலிழந்தது. அதன் வேலையை ஐஎம்யூவின் முடுக்கமானிகளிடம் ஒப்படைக்கும் மென்பொருள் ஒட்டு ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது, அனுப்பி, பறந்தார்கள். மாற்றுச் சென்சாரின் துல்லியம் குறைவுதான். ஆனால் குறைந்த துல்லியத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை முன்பே முடிவு செய்திருந்தால் அது போதும்.

வேண்டுமென்றே பழுதாக்கிப் பாருங்கள்

ஒரு சின்னப் பெட்டியில் டாகிள் ஸ்விட்சுகளை வைத்து, என்கோடர் ஏ, பி, மின்சாரம், மோட்டார் வயர், ஐ2சி டேட்டா ஆகியவற்றை அதன் வழியாகக் கொண்டுவாருங்கள். வண்டியைச் சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஒவ்வொன்றாகத் துண்டியுங்கள். ஸ்விட்ச் தட்டிய கணத்திலிருந்து ரிலே விடும் வரை உள்ள நேரத்தை ஆஸிலோஸ்கோப்பில் அளங்கள். ஒரே ஸ்விட்சை நின்ற நிலை, 0.1 மீட்டர், 0.6 மீட்டர், திரும்பும்போது என்று நான்கு நிலையிலும் சோதியுங்கள். மெதுவான வேகத்தில்தான் பெரும்பாலான சோதனைகள் தவறும், ஏனென்றால் எதிர்பார்க்கும் அளவே இரைச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்டாண்டில் இருக்கும்போது வண்டி திரும்பாது, ஜைரோ ஒப்பீடு எப்போதும் தோற்கும். அந்த ஒரு சோதனையை மட்டும் அணைத்துவிட்டு, பிறகு தரையில் தனியாகச் செய்யுங்கள்.

மாஸ்ஃபெட் ஷார்ட்டைச் சோதிக்க, சக்கரம் தூக்கிய நிலையில், டிரைவரின் பவர் வயரையும் எனேபிளையும் எடுத்துவிட்டு, ரிலேயின் டிரைவர் பக்கத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 24 வோல்ட்டை நேராகக் கொடுங்கள். மோட்டார் மின்னோட்டம் அளக்கும் ஷண்ட் ரிலேக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்தால்தான் இந்தச் சோதனை தெரியும். பழைய மோட்டாரைப் போலியாக உருவாக்க 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேருங்கள். கனெக்டர் துருவேறுவதும் பிரஷ் தேய்வதும் மாதிரியின் வித்தியாசத்தில் இப்படித்தான் தெரியும்.

பையில் ஓடும் நிரலை இரண்டு விதமாகக் கொல்லுங்கள். முற்றிலும் நிறுத்துவது ஒன்று. இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு உறையச் செய்வது மற்றொன்று. பல அமைப்புகள் முதலாவதைப் பிடித்துவிடும், இரண்டாவதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு பழுதுக்கும் முந்தைய பத்து நொடித் தரவு வேண்டும். 100 ஹெர்ட்ஸில் மாதிரிக்கு 20 பைட் என்றால் 20,000 பைட். 32 கிலோபைட் எஃப்ரேம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சிப் ஒன்றில் வட்டமாக எழுதிக்கொண்டே வந்து, பழுது உறுதியானதும் அரை நொடி கழித்து நிறுத்துங்கள். எஸ்டி கார்டு வேண்டாம், மின்சாரம் போகும் அதே கணத்தில்தான் அதன் கோப்பும் கெடும். கட்டளை வேகம், பிடபிள்யூஎம், இரண்டு மின்னோட்டம், இரண்டு என்கோடர், ஜைரோ, பேட்டரி மின்னழுத்தம், ரிலே நிலை, கடைசி ரீசெட் காரணம் ஆகியவை 20 பைட்டில் அடங்கும். நிரலில் எதை மாற்றினாலும் ஸ்விட்ச் பெட்டிச் சோதனை முழுவதையும் மறுபடி ஓட்டி, அளந்த நேரங்களைப் பழைய நேரங்களோடு வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். எந்த ஒரு வரிசையாவது 200 மில்லிநொடியைத் தாண்டினால் அந்தப் பதிப்பை வண்டியில் ஏற்றாதீர்கள்.